ரவுட்டரில் டி.என்.எஸ். மாத்தியும் ஒரு போனில் எல்லாத் தளமும் திறக்குது, ஏன்?

டிக்கோயாக்காரி கேட்டது:

வணக்கம். வீடு டிக்கோயாப் பக்கம். ஃபைபர் லைன் எங்க ரோட்டுக்கு இன்னும் வரல்ல, அதனால சிம் போடுற 4ஜி ரவுட்டர்தான். அதில ஒரு விண்டோஸ் 11 லெப்டொப், ரெண்டு அண்ட்ரொய்ட் போன், ஒரு டீவி. மூத்தவன் இந்த வருசம் ஓ.எல். பரீட்சை, சின்னவள் எட்டாம் ஆண்டு. ஸூம் கிளாஸ், யூடியூப் பாடம், ஈ-தக்சலாவ (கல்வி அமைச்சோட பாடத் தளம்) மூணும் கட்டாயம் வேணும். அதுகளை அடைக்காம மத்ததை மட்டும் அடைக்கணும்.

ரவுட்டர் பக்கத்துக்குப் போய் டி.எச்.சி.பி. (சாதனங்களுக்கு முகவரி குடுக்கிற பகுதி) இடத்தில முதலாவது டி.என்.எஸ். 1.1.1.3, ரெண்டாவது 8.8.8.8 என்று போட்டிருக்கேன். ரவுட்டரிலேயே இருக்கிற யூ.ஆர்.எல். ஃபில்டரில பத்துத் தளத்தின் பெயரும் எழுதியிருக்கேன்.

இப்ப நிலைமை: லெப்டொப்பில ஆபாசத் தளங்கள் சில நேரம் அடைபடுது, சில நேரம் திறக்குது. ஒரு போனில் நல்லா அடைபடுது, மத்தப் போனில் ஒண்ணுமே அடைபடல்ல. சூதாட்டத் தளங்கள் எல்லாத்திலயும் திறக்குது. யூ.ஆர்.எல். ஃபில்டர் வேலை செய்யிற மாதிரியே தெரியல்ல. இரவு பத்துக்கு நெட் நிக்கணும்னு ரவுட்டரில நேரம் வச்சேன், கரண்ட் போய் வந்தா அதுவும் குழம்புது.

எங்க பிழை விட்டிருக்கேன்? புதுசா சாமான் வாங்காம திருத்த ஏலுமா?

---

ஊவாக்காற்று:

அக்கா, இதில அஞ்சு பிழை இருக்கு, அஞ்சுக்கும் காரணம் வேற வேற. ஒவ்வொண்ணாத்தான் பார்க்கணும். புதுச் சாமான் ஒண்ணும் வேணாம்.

டி.என்.எஸ். செய்யிறது, தளத்தின் பெயரைச் சொன்னா அதன் எண்ணைச் சொல்றது. கிளவுட்ஃபிளேர் கம்பெனியோட 1.1.1.3 கிட்ட வேண்டாத பெயரைக் கேட்டா உண்மையான எண்ணுக்குப் பதிலா 0.0.0.0 என்று சொல்லும், பிரவுசர் போக இடமில்லாம நிக்கும். அதாவது வாசல் கேட்டைப் பூட்டுறதில்ல, வழி கேட்டவனுக்கு வழி சொல்லாம விடுறது. அதே வழியை வேற ஆள்கிட்ட கேட்டா நேரா போய்ச் சேர்ந்திடலாம். உங்க வீட்டில நடக்கிறது அதுதான்.

முதல்ல லெப்டொப். ரெண்டாவதா நீங்க போட்ட 8.8.8.8 கூகுளோட சாதா டி.என்.எஸ்., அது ஒண்ணையும் வடிகட்டாது. முதலாவது செத்தாத்தான் ரெண்டாவதைக் கேக்கும்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. முதலாவது பதில் சொல்லச் சுணங்கினாலே ரெண்டாவதைக் கேட்டுடும், சில சாதனம் ரெண்டையும் ஒரே நேரத்தில கேக்கும். நம்ம பக்கம் மழை மூட்டத்தோட சிக்னல் ஒரு கோடு ரெண்டு கோடுன்னு ஆடுற நேரம் இது அடிக்கடி நடக்கும். உங்க "சில நேரம் அடைபடுது, சில நேரம் திறக்குது" இதனாலதான். ரெண்டாவது இடத்தில 1.0.0.3 போடுங்க. ஜோடி எப்பவும் ஒரே கம்பெனியோட, ஒரே வகை வடிகட்டியா இருக்கணும்.

மாத்தினதும் உடனே பலன் தெரியாது. போனும் லெப்டொப்பும் பழைய டி.என்.எஸ்.ஸை டி.எச்.சி.பி. குத்தகை முடியிற வரைக்கும் வச்சிருக்கும், நிறைய ரவுட்டர்ல அது 86400 செக்கன், அதாவது ஒரு நாள். ஒவ்வொரு சாதனத்திலயும் வைஃபையை ஓஃப் பண்ணி ஒன் பண்ணுங்க. பிரவுசரையும் முழுசா மூடித் திறங்க, அதுக்குன்னு தனி ஞாபகம் இருக்கு.

பிறகு லெப்டொப்பில கமாண்ட் ப்ரொம்ப்ட் திறந்து என்எஸ்லுக்அப் (nslookup) கட்டளையோட, அடைபட வேண்டிய ஒரு தளத்தின் பெயரை அடிங்க. கீழ வர்ற பதிலை விட மேல வர்ற ரெண்டு வரியைத்தான் கவனிக்கணும். யாரைக் கேட்டதுன்னு அங்கதான் காட்டும். 1.1.1.3 என்று இருந்தா சரி. 192.168 என்று தொடங்கினா ரவுட்டர் தானே இடையில நின்று பதில் சொல்லுது, அப்ப ரவுட்டரோட இன்டர்நெட் பக்க டி.என்.எஸ்.ஸையும் மாத்தணும். நடுவில ரெட்டைப் புள்ளி போட்ட நீள முகவரி வந்தா அது ஐ.பி.வி6 (புது வகை இணைய முகவரி), அந்தப் பக்கம் வடிகட்டி இல்லாம திறந்து கிடக்கு. எது வருதுன்னு இங்க எழுதுங்க.

அடைபடாத போன். செட்டிங்ஸ்ல நெட்வேர்க் பகுதியில "பிரைவேட் டி.என்.எஸ்." பாருங்க (சில போனில தேடித்தான் பிடிக்கணும்). அண்ட்ரொய்ட் 9ல இருந்து இது இருக்கு. "ஓட்டோமெட்டிக்" என்றா பிரச்சினை இல்ல, ரவுட்டர் சொன்ன டி.என்.எஸ்.ஸைத்தான் பாவிக்கும். மூணாவது தெரிவில ஏதாவது ஒரு பெயர் எழுதியிருந்தா, அந்தப் போன் ரவுட்டர் சொல்றதைக் காதிலயே போடாது. விளம்பரம் வராம இருக்க இந்த இடத்தில பெயர் எழுதச் சொல்லி நிறைய வீடியோ சுத்துது. அதைப் பார்த்து யாராவது செஞ்சிருப்பாங்க, கெட்ட எண்ணத்தோட செஞ்சதா இருக்கணும்னு இல்ல.

விளம்பரமும் நிக்கணும் ஆபாசமும் நிக்கணும் என்றா அட்கார்ட் குடும்ப டி.என்.எஸ். ரெண்டையும் செய்யும்: 94.140.14.15, 94.140.15.16.

---

இரண்டாங்கட்டை:

மேலே சொன்னது சரி. யூ.ஆர்.எல். ஃபில்டர், சூதாட்டத் தளங்கள், பிரவுசர் மூன்றையும் பற்றி நான் எழுதுகிறேன்.

வீட்டு ரவுட்டர்களில் உள்ள யூ.ஆர்.எல். ஃபில்டர் பெரும்பாலும் பழைய எச்.டி.டி.பி. காலத்துக்குரியது. அப்போது பக்கத்தின் முழு முகவரியும் வெளிப்படையாகப் போகும், ரவுட்டர் வாசித்து நிறுத்தும். இப்போது கிட்டத்தட்ட எல்லாத் தளமும் எச்.டி.டி.பி.எஸ்., அதில் முகவரி மறைகுறியாக்கப்பட்டுப் போகிறது. இந்தப் பழைய ஃபில்டரால் அதை வாசிக்க முடியாது. அந்தப் பட்டியலை அழித்துவிடலாம். இருந்தால் ஏதோ பாதுகாப்பு இருக்கிறது என்ற எண்ணம் வரும், அதுதான் கெடுதி.

சூதாட்டத் தளம் திறப்பதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை. 1.1.1.3 வடிகட்டுவது ஆபாசத்தையும் தீநிரல் (வைரஸ் போன்ற கெடுதியான நிரல்) தளங்களையும் மட்டுமே (1.1.1.2 என்றால் தீநிரல் மட்டும்). சூதாட்டம் அந்த வகைப்பாட்டிலேயே இல்லை. வகை பார்த்து அடைக்க வேண்டுமானால் நெக்ஸ்ட் டி.என்.எஸ். போன்ற கணக்கு வைத்துப் பாவிக்கும் சேவை தேவை. அதில் ஆபாசம், சூதாட்டம், டேட்டிங், சமூக ஊடகம் என்று தனித்தனியாக அடையாளமிடலாம், தனிப்பட்ட தளங்களையும் பெயர் எழுதி அடைக்கலாம், தவறாக அடைபட்டதைத் திறந்தும் விடலாம். மாதம் 300,000 கேள்வி வரை இலவசம். அதைத் தாண்டினால் இன்டர்நெட் நிற்காது, ஆனால் அந்த மாதம் முடியும் வரை வடிகட்டல் நின்றுவிடும். டீவியையும் சேர்த்தால் எண்ணிக்கை வேகமாக ஏறும், டீவியை விட்டுவிடுங்கள்.

இங்கே 4ஜி ரவுட்டர்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நெக்ஸ்ட் டி.என்.எஸ்., ஓப்பன் டி.என்.எஸ். ஹோம் இரண்டும் ரவுட்டரில் வெறும் எண்ணாகப் போடப்படும்போது, கேட்பது உங்கள் வீடுதான் என்பதைப் பொது ஐ.பி. முகவரியை வைத்தே அடையாளம் காண்கின்றன. சிம் இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்கிடுவது வழக்கம். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் ஐ.பி. (WAN IP, இணையப் பக்க முகவரி) 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரைக்குள்ளோ தொடங்கினால் உங்களுக்கும் அதுதான். அப்படியானால் ரவுட்டரில் போட்டுப் பயனில்லை, சாதனம் சாதனமாகப் போட வேண்டும். போன்களில் பிரைவேட் டி.என்.எஸ். இடத்தில் உங்கள் கணக்குக்குரிய பெயரை எழுதுங்கள். வீட்டு வைஃபையிலும் டேட்டாவிலும் ஒரே மாதிரி வேலை செய்யும், ரவுட்டர் வழியில் கிடைக்காத லாபம் இது. லெப்டொப்புக்கு அவர்களுடைய விண்டோஸ் செயலி உண்டு.

இரண்டு மூன்று தளம் மட்டும்தான் தொல்லை என்றால் லெப்டொப்பின் ஹோஸ்ட்ஸ் கோப்பு (டி.என்.எஸ்.ஸைக் கேட்கும் முன் விண்டோஸ் பார்க்கும் பெயர்ப் பட்டியல்) போதும். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈ.டி.சி. என்று உள்ளே போனால் இருக்கும். நோட்பேடை ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அதற்குள்ளிருந்து அந்தக் கோப்பைத் திறக்க வேண்டும். வரிக்கு ஒன்றாக 0.0.0.0, ஓர் இடைவெளி, தளத்தின் பெயர். மூன்று டபிள்யூ சேர்த்த பெயருக்குத் தனி வரி, சேர்க்காததற்குத் தனி வரி. நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாக அடைக்க அதில் வழியில்லை. சேமித்ததும் கோப்புப் பெயரின் பின்னால் டி.எக்ஸ்.டி. ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள், ஒட்டியிருந்தால் விண்டோஸ் அதைத் திரும்பியும் பார்க்காது. சூதாட்டத் தளங்களுக்கு இந்த வழி சரிவராது. பெயரில் ஓர் எண்ணை மாற்றிப் புதிதாக வந்துகொண்டே இருப்பார்கள், நீங்கள் எழுதி மாளாது.

இனி பிரவுசர். குரோமிலும் ஃபயர்ஃபொக்ஸிலும் பாதுகாப்பான டி.என்.எஸ். என்று ஓர் அமைப்பு உண்டு. அங்கே வேறொரு சேவையைத் தெரிவு செய்தால் கேள்வி 443ஆம் துறை (போர்ட்) வழியாக, சாதாரணத் தளம் பார்ப்பது போலவே போய்விடும். ரவுட்டர் அதைப் பிரித்தறியாது. ஒபேராவில் இலவச வி.பி.என். (வடிகட்டியைச் சுற்றிப் போகும் மாற்றுப் பாதை) உள்ளேயே இருக்கிறது. பிள்ளைகள் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், வகுப்பில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும்.

லெப்டொப்பில் இதற்குச் செய்ய வேண்டியது: பிள்ளைகளுக்கு ஸ்டான்டர்ட் கணக்கு, அட்மின் கணக்கின் பாஸ்வேர்ட் உங்களிடம். அதன்பின் ஹோஸ்ட்ஸ் கோப்பையோ வைஃபை டி.என்.எஸ்.ஸையோ அவர்கள் தொட முடியாது. ஆனால் குரோமின் உள் அமைப்பை மாற்ற அட்மின் தேவையில்லை. அதற்கு மைக்ரோசொஃப்ட் ஃபேமிலி சேஃப்டியில் பிள்ளையின் கணக்கைச் சேருங்கள். அதன் இணைய வடிகட்டி மைக்ரோசொஃப்டின் எட்ஜ் பிரவுசரில் மட்டுமே இயங்கும், அதனாலேயே வழக்கமான மற்றப் பிரவுசர்களைத் தானாக அடைத்துவிடும். ஸூம் தனிச் செயலி என்பதால் பாதிக்காது.

---

பழைய ஸ்பீக்கர்:

நேரக் கட்டுப்பாடு பத்தி யாரும் சொல்லல்ல.

கரண்ட் போனா ரவுட்டர் செட்டிங்ஸ் அழியாது. அழியிறது மணிதான். சாதா ரவுட்டருக்குள்ள மணிக்கூட்டுக்கு பெட்டரி இல்ல. திரும்ப எழும்பினதும் ஏதோ பழைய திகதியில, 1970ன்னு கூட நிக்கும். நெட் வந்து நேரத்தை எடுக்கிற வரைக்கும் அப்படித்தான். உங்க பத்து மணி அதுக்குப் பத்து மணி இல்ல. சிஸ்டம் டைம் பக்கத்தில என்.டி.பி. (நெட்டில இருந்து நேரம் எடுக்கிறது) ஒன்லயா இருக்கான்னு பாருங்க, நேர வலயம் +5:30 போடுங்க. வலயம் சைபர்ல (+0:00) கிடந்தா இரவு 10க்கு வச்சது விடிய 3.30க்குத்தான் வேலை செய்யும். அஞ்சரை மணித்தியாலம் பிந்துதுன்னா காரணம் அதுதான்.

நேரத்தை மேக் முகவரிக்கு (ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள அடையாள எண்) வச்சிருக்கீங்களா? அண்ட்ரொய்ட் 10க்குப் பிறகு போன் வைஃபைக்கு ஒரு பொய் மேக் காட்டும். அந்த வைஃபையோட விபரத்தில போய் "ரேண்டம்" இருந்ததை "போனோட மேக்" என்று மாத்தினா ரவுட்டருக்கு அது புது ஆள், தடை பொருந்தாது. அதனால "இவங்களை மட்டும் தடு"ன்னு எழுதாம, "இவங்களை மட்டும் விடு"ன்னு எழுதுங்க.

ரவுட்டர் அட்மின் பாஸ்வேர்ட் இன்னும் பின்னால ஒட்டின லேபிள்ல உள்ளதா? மாத்துங்க. வைஃபை பாஸ்வேர்ட்டும் அதுவும் ஒண்ணா இருக்கக்கூடாது. வைஃபை பாஸ்வேர்ட் ரகசியமா நிக்காது, சேர்ந்த போன் எதிலயும் கியூ.ஆர். காட்டிப் பக்கத்து வீட்டுக்குக் குடுக்கலாம்.

கடைசியா ரீசெட் துளை. ஊசியைக் குத்திப் பத்து செக்கன் பிடிச்சா நீங்க செஞ்ச எல்லாம் போச்சு. யாராவது குத்தினாங்களான்னு கண்டுபிடிக்க லேசான வழி: வைஃபை பெயரை உங்க இஷ்டப்படி மாத்தி வைங்க. ஒரு நாள் லேபிள்ல உள்ள பழைய பெயர் திரும்ப வந்து நின்னா, குத்தியாச்சு.

---

டிக்கோயாக்காரி:

எல்லாருக்கும் நன்றி. 1.0.0.3 போட்டாச்சு. போனில பிரைவேட் டி.என்.எஸ். இடத்தில ஒரு விளம்பரத் தடுப்புப் பெயர்தான் இருந்திச்சு, எடுத்துட்டேன், இப்ப அடைபடுது. நேர வலயம் சைபர்லதான் கிடந்திச்சு!

லெப்டொப்பில அந்தக் கட்டளை போட்டா ரெட்டைப் புள்ளி வச்ச நீள முகவரிதான் வருது. ரவுட்டர் பக்கத்தில ஐ.பி.வி6 டி.என்.எஸ். எழுதுற இடமே இல்ல. என்ன செய்யலாம்?

இன்னொண்ணு, தெரிஞ்சவர் ஒருத்தர் ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரை வாங்கி பை-ஹோல் என்ற டி.என்.எஸ். வடிகட்டியைப் போட்டா எல்லாம் தீரும்னு சொல்றார். வாங்கலாமா?

---

ஊவாக்காற்று:

ஐ.பி.வி6க்கு ரெண்டு வழி. ஒண்ணு, ரவுட்டரில ஏ.பி.என். (சிம் நெட்டோட சேரப் பாவிக்கிற அமைப்பு) அல்லது புரொஃபைல் மேனேஜ்மென்ட் பக்கத்தில ஐ.பி. வகை "ஐ.பி.வி4வி6" என்று இருக்கும், அதை "ஐ.பி.வி4" ஆக்கிச் சேமிச்சு ரவுட்டரை ஒருக்கா ஓஃப் பண்ணி ஒன் பண்ணுங்க. பழைய புரொஃபைலைத் திருத்த விடாட்டி அதே ஏ.பி.என். பெயரில புதுசு ஒண்ணு உருவாக்கி அதை டிஃபோல்ட் ஆக்கலாம். ஏ.பி.என். பெயரை மட்டும் மாத்திடாதீங்க, நெட்டே வராது.

அதுக்கும் இடம் இல்லாட்டி லெப்டொப்பிலயே போடுங்க. செட்டிங்ஸ், நெட்வேர்க், வைஃபை, ஹார்ட்வெயர் புரொப்பர்ட்டீஸ். அங்க டி.என்.எஸ். பக்கத்தில எடிட், பிறகு மெனுவல். ஐ.பி.வி4ஐ ஒன் பண்ணி 1.1.1.3, 1.0.0.3. ஐ.பி.வி6ஐயும் ஒன் பண்ணி 2606:4700:4700::1113, 2606:4700:4700::1003. ரெண்டும் போடணும், ஒண்ணை விட்டா அந்த வழியா ஒழுகும். எப்படியும் ரவுட்டரோட சேர்த்து லெப்டொப்பிலயும் போட்டு வைக்கிறதுதான் என் விருப்பம். ரவுட்டர் சொல்றது அந்த வைஃபையில இருக்கிற வரைக்கும்தான், பிள்ளை போன் ஹொட்ஸ்பொட்டில லெப்டொப்பைச் சேர்த்தா ரவுட்டரால ஒண்ணும் செய்ய ஏலாது. நீங்க இதைப் போடுறது ஒரு வைஃபை பேருக்குக் கீழ இல்ல, லெப்டொப்போட வைஃபை அடப்டருக்குன்னு நிச்சயப்படுத்திக்கங்க, அந்த வைஃபை பேருக்குள்ள போய் மாத்தினா அது அந்த ஒரு வைஃபைக்கு மட்டும்தான் நிக்கும்.

---

இரண்டாங்கட்டை:

பை-ஹோல் நல்ல சாமான், உங்களுக்கு இப்போது தேவையில்லை. காரணம் கரண்ட். அது எஸ்.டி. கார்டில் ஓடுகிறது, திடீர் திடீரென்று கரண்ட் போகும் இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோய்க் கார்ட் கெடும். கெட்டால் வீட்டில் ஒரு தளமும் திறக்காது, சிக்னல் மட்டும் முழுக்கோடு காட்டும். ஸூம் கிளாஸ் தொடங்கும் நேரம் அதைப் பழுது பார்க்க வீட்டில் ஆள் வேண்டும். மேலும் பிரைவேட் டி.என்.எஸ்., பிரவுசர் டி.என்.எஸ். இரண்டும் பை-ஹோலையும் ஏமாற்றும். அந்தக் காசுக்கு ரவுட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். வாங்குங்கள், வாங்கும் முன் ரவுட்டரின் கரண்ட் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் அம்பியரையும் பாருங்கள், எல்லா ரவுட்டரும் 12 இல்லை.

ஓ.எல். பிள்ளைக்கு இன்னொன்று. கூகுள் தேடலிலும் ஆபாசப் படங்கள் வராமல் இருக்க, 1.1.1.3க்குப் பதிலாக கிளீன் பிரவுசிங் என்ற டி.என்.எஸ். சேவையைப் பாவிக்கலாம். அதில் குடும்ப வடிகட்டி (185.228.168.168) யூடியூபையும் கட்டுப்பாட்டு நிலைக்குத் தள்ளும். கொமென்ட் தெரியாது, சில பாட வீடியோக்களும் காணாமல் போகும், அவை ஏன் போயின என்று யாருக்கும் விளங்காது. ஆபாச வடிகட்டி மட்டும் (185.228.168.10, 185.228.169.11) போட்டால் கூகுள், பிங் தேடல் பாதுகாப்பு நிலையில் நிற்கும், யூடியூப் அப்படியே இருக்கும். பரீட்சை முடியும்வரை இரண்டாவதுதான் நல்லது.

---

பழைய ஸ்பீக்கர்:

யூ.பி.எஸ். சரி. ஆனா ஒக்டோபர், நவம்பர் பின்னேர இடிக்கு அது காவல் இல்ல. முழங்கத் தொடங்கினா பிளக்கையும் கழட்டுங்க, கூரைக்கு மேல அன்டெனா வச்சிருந்தா அந்த வயரையும் கழட்டுங்க. அதுக்கு முன்ன ரவுட்டர் பக்கத்தில "பேக்கப்" அமத்தி செட்டிங்ஸ் கோப்பை அட்மின் கணக்குக்குள்ள எடுத்து வைங்க. அதே மொடல் ரவுட்டர்னா ரெஸ்டோர் குடுத்தா ரெண்டு நிமிசத்தில பழைய மாதிரி.

---

டிக்கோயாக்காரி:

ஏ.பி.என். பக்கத்தில வகை மாத்த விட்டிச்சு. இப்ப கட்டளைக்கு மேல் வரியில 1.1.1.3 வருது, கீழ 0.0.0.0. ஆனா சின்னவளோட கணக்குப் பாடத் தளம் ஒண்ணும் சேர்ந்து அடைபட்டிருக்கு. அதை மட்டும் திறக்க முடியுமா?

---

ஊவாக்காற்று:

1.1.1.3ல தனித் தளத்தைத் திறந்துவிட உங்களுக்கு அதிகாரம் இல்ல, அதில கணக்கே இல்லையே. முதல்ல அடைச்சது அதுதானான்னு பாருங்க: அதே கட்டளையில தளத்தின் பெயருக்குப் பின்னால ஒரு இடைவெளி விட்டு 1.1.1.1 (அதே கம்பெனியோட வடிகட்டாத டி.என்.எஸ்.) என்று சேர்த்து அடிங்க. இங்க உண்மையான எண் வந்து, 1.1.1.3 சேர்த்து அடிச்சா 0.0.0.0 வந்தா, பிழையா வகைப்படுத்தியிருக்காங்க. கிளவுட்ஃபிளேர் ராடார் பக்கத்தில அந்தத் தளத்தைத் தேடி வகையைத் திருத்தச் சொல்லி அனுப்பலாம். ரெண்டிலயும் எண் வராட்டி அந்தத் தளமே விழுந்து கிடக்கு, நாளைக்குப் பாருங்க. கிளாஸ் இன்னைக்கே என்றா லெப்டொப்பில மட்டும் இரண்டாங்கட்டை அண்ணன் சொன்ன 185.228.168.10 ஜோடியைப் போட்டுப் பாருங்க, அவங்க பட்டியல் வேற. அப்படிப் போட்டா ஐ.பி.வி6ல எழுதின கிளவுட்ஃபிளேர் முகவரி ரெண்டையும் அழிச்சுடுங்க.